உள்ளங்கைத் தடிப்புக்கு மருந்தடிப்புதான் காரணமா?

இரண்டு பக்கக் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் அம்மா: 'உள்ளங்கை, உள்ளங்காலில் செம்பு நிறத்தில் தடிப்பு. அரிப்பு இல்லை. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறதால இருக்கும்.'

வெள்ளைப்படுதலை விடுங்கள். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் அரிப்பும் நாற்றமும் இல்லாமல் பட்டால் அது இயல்பு. லயத்துக் கழிப்பறையிலிருந்து பால்வினை நோய் ஒட்டாது. யூடியூபைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

பூச்சிமருந்து பட்டால் பெரும்பாலும் அரிக்கும், எரியும். அரிக்காத தடிப்பு கையிலும் காலிலும் சேர்ந்து வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது சிபிலிஸை. உடலுறவில் தொற்றும் பால்வினை நோய், ஊரில் மேகப்புண் என்பார்கள். முதலில் வலியில்லாத ஒரு புண் வந்து தானே ஆறிவிடும். பிறப்புறுப்புக்கு உள்ளே வந்தால் தெரியவும் தெரியாது. சில வாரம் கழித்துத் தடிப்பு வரும், அதுவும் தானே மறையும். நோய் மறையாது. பிள்ளைக்குப் போகும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் மிக அதிகம். கரு கலையலாம், வயிற்றிலேயே இறந்தும் போகலாம்.

'மூணாம் மாசம் விடிஆர்எல் நெகட்டிவ்' என்கிறீர்கள். விடிஆர்எல் என்பது சிபிலிஸுக்கான ரத்தச் சோதனை; அது அன்றைய ரத்தம். தொற்றின் ஆரம்பத்தில் சோதனை காட்டாமல் போகலாம், அந்தச் சோதனைக்குப் பிறகும் தொற்றியிருக்கலாம். இந்த வாரமே மறுபடி எடுங்கள். கர்ப்பத்தில் விடிஆர்எல் சில சமயம் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும்; டிபிஹெச்ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் அசித்ரோமைசின் விழுங்கினீர்களாமே! யார் சொன்னது? அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நம்பவே முடியாது. சிபிலிஸ் உறுதியானால், கர்ப்பிணிக்கு மருந்து பென்சிலின் மட்டுமே. பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கமும் பிரித்து இடுப்பில் போடுவார்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தவணை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முன்பு பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, சிறுகச் சிறுகப் பழக்கி அதையே கொடுப்பார்கள். போட்ட அன்று காய்ச்சலோ வயிறு இறுகலோ வந்தால் உடனே காட்டுங்கள். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பாவது சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

'அவர் என்னைத்தான் சந்தேகப்படுவார்.' கடிதம் முழுக்க ஓடுவது இந்தப் பயம்தான் என்று தெரிகிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ரத்தம் சொல்லாது. இது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கக்கூடியது. லாரியில் போய் வருகிற உங்கள் வீட்டுக்காரரும் சோதித்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குத் திரும்பவும் வரும். அதுவரை சேர வேண்டாம்.

வண்டன்மேட்டில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றால், கம்பம்மெட்டு வழியாக இறங்கி அம்மா வீட்டுக்கு வந்துவிடுங்கள். கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுங்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நம்பிக்கை மையத்தின் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரைக் கேளுங்கள், அவர்களுக்கு இது தினசரி வேலை. மூன்றாம் மாத ரிப்போர்ட்டோடு, அந்த மெடிக்கல் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.