சூளையில் ஒருவருக்கு டி.பி.

கேள்வி: சிஸ்டர், திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறேன். ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கல் அறுக்கும் ஒருவருக்கு, சளிப் பரிசோதனையில் டி.பி. என்று தெரிந்தது. மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். மற்றவர்கள் பயப்படுகிறார்கள். டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் முதலாளி. நான் என்ன சொல்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: டிக்கெட் எடுக்க விடாதீர்கள், தம்பி. கொடுத்த முன்பணத்தைக்கூடக் கழிக்காமல் அனுப்பத் துணிகிறார் என்றால் முதலாளியின் பயம் பெரியதுதான். ஆனால் பயப்பட வேண்டிய நாட்கள் முடிந்துவிட்டன. நோய் என்னவென்றே தெரியாமல் இருமிக்கொண்டு எல்லோருடனும் ஒரே கொட்டகையில் படுத்திருந்தாரே, அப்போதுதான் அதிகம் பரவியிருக்கும். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால், ஒழுங்காக மாத்திரை போட்ட இரண்டு மூன்று வாரத்தில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டாம். கொட்டகையில் காற்று வந்து போகட்டும்.

இது சென்னையிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், அதாவது டி.பி. நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை: கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபாதி, நெரிசலான தங்கள் வீட்டிலேயே அரை வயிற்றோடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள்; அவர்களுக்கும் நோய் கூடுதலாக வரவில்லை. தாம்பரத்தில் ஒரு ஸ்டேஷன் பெயரில் சானடோரியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் மூன்று. இப்படி ரயிலேற்றிவிட்ட ஒருவர் அடுத்த சீசனில் எங்கள் பிரிவுக்கே திரும்பி வந்தார். பழைய மாத்திரை அட்டை பாதி பிரிக்காமல் பையில் இருந்தது. இந்த முறை, டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அவருக்குக் கேட்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்றால், சிறுநீர் ஆரஞ்சாகப் போனதாம், ரத்தம் என்று பயந்துவிட்டார். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். முதல் நாளே சொல்லியிருந்தோம், தமிழில்.

கூடப் படுப்பவர்களை, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வருகிறதா பாருங்கள். கல் சுமப்பது கொஞ்ச நாள் வேண்டாம். சீசன் முடிந்து கிளம்பும்போது சிகிச்சை பாக்கி இருந்தால், அவருடைய நிக்ஷய் எண்ணை (அரசின் டி.பி. பதிவு எண்) வைத்துச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வழிக்கு மாத்திரையும் வாங்கிக்கொள்ளட்டும்.

அங்கே ஒடியாவும் தமிழும் தெரிந்த மேஸ்திரி யாராவது இருப்பார். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அவரையும் கூட அனுப்புங்கள்.