நிலத்தை ஒத்திக்கு வைத்து வாங்கும் சீட் வேண்டாம் ஐயா

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண் மூவரும் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கப் போன வாரம் என்னிடம் வந்திருந்தார்கள். சென்னையில் இருக்கும் மாமா ஏஐ டேட்டா சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டும் பேசிவிட்டாராம், அதற்காக ஆறு மா, அதாவது ஏறக்குறைய ரெண்டு ஏக்கர் நிலத்தை ஒத்திக்கு வைக்கப் போகிறார்கள். கவலைப்படாதீங்க என்று ஆரம்பித்த நான் ஒத்தி என்றதும் நிறுத்திக்கொண்டேன்.

ஐயா, உங்களுக்குச் சோறு போடுகிற நிலத்தை வைத்து, பெண் கேட்காத படிப்பை வாங்காதீர்கள். நாலு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், வட்டி எல்லாம் நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள், மாமா இல்லை.

அவள் போனைக் காட்டச் சொன்னேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் எடுத்த படங்கள். அவள் ஒன்றில்கூட இல்லை. எந்தச் செப்புத்திருமேனிமேல் வெளிச்சம் சரியாக விழவில்லை, எந்தப் பெயர்ப்பலகை தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. அப்பத்தாவின் பித்தளைப் பாத்திரங்களுக்குத் தனி நோட்டு: யார் கல்யாணத்தில் வந்தது, எங்கே நசுங்கியிருக்கிறது. படம் வரைவியா என்றேன். “வராது சார், ஆனா எதை எங்க வைக்கணும்னு தெரியும்.” இதற்கென்றே வேலைகள் இருக்கின்றன.

டீச்சர் வேலை, பேங்க் பரீட்சை பற்றி ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். நான் சொல்வது தற்காலக் கலை அருங்காட்சியகத்தையும், ஓவியர்களும் சிற்பிகளும் சில வாரம் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சியையும் நடத்துகிறவர்களைப் பற்றி. ஒரு படைப்பு பெட்டியில் வந்து இறங்கினால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வெடிப்பு, உரிந்த வண்ணம், பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவின்மேலேயே குறித்து, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது மறுபடி அதே பரிசோதனை. அந்த நோட்டு வைத்திருக்கிற பெண் இதை ரசித்துச் செய்வாள். அப்புறம் வெளியூர்க் கலைஞர் ஒருவர் வெண்கலம் வார்க்க வேண்டும் என்று வந்தால், சுவாமிமலையில் எந்தப் பட்டறைக்கு அழைத்துப் போவது, மெழுகு உருவத்தின்மேல் பூச வண்டல் மண் எங்கே கிடைக்கும், ஸ்தபதிக்கு என்ன கூலி பேசுவது என்று தெரிந்த ஆள் வேண்டும். கூடவே கண்காட்சிக்குப் படைப்புகளை இரவல் வாங்கும் ஒப்பந்தம், காப்பீடு, ஈரப்பதக் கண்காணிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டுவது. டெல்டாவில் வளர்ந்தது இந்த வேலைக்குப் பலம்.

வழி இதுதான். கையில் வரைதல் இருந்தால் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியைச் சொல்லியிருப்பேன். இவளுக்கு வீட்டிலிருந்தே போய்வரும் அரசுக் கல்லூரியில் வரலாறு. அதன்பின் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல் முதுகலை, அந்தத் துறை 1952-லிருந்து இருக்கிறது. நடுவில் லீவு வரும்போதெல்லாம் தன்னார்வலராகப் போகட்டும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகமும், 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலே என்ற தற்காலக் கலைக் கண்காட்சியும் விசாரிக்க வேண்டிய இடங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், இதில் சலுகையே கிடையாது.

முதல் சில வருஷம் சம்பளம் குறைவு, இடங்களும் கொஞ்சம்தான், ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். இதை மறைத்து நான் பேசமாட்டேன். ஆனால் ஒத்திக் கடன் தலையில் இல்லாத பெண்ணால் குறைந்த சம்பளத்தைத் தாக்குப்பிடிக்க முடியும். பிடிக்காத இன்ஜினியரிங்கில் அரியர் வைத்துக்கொண்டு வட்டியும் கட்டுகிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அட்வான்ஸ் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் சின்னத் தொகையை எடுத்து, அம்மாவும் நீங்களும் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலத்துக்குப் போங்கள், 1966-ல் கலைஞர்களே சேர்ந்து உண்டாக்கிய கிராமம், அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களிடம் சம்பளம் உட்பட எல்லாவற்றையும் அவளே கேட்கட்டும். மாமாவையும் கூட்டிப்போங்கள்.