துணைவேந்தர் இல்லாவிட்டாலும் புரொவிஷனல் கிடைக்கும்

துணைவேந்தர் நியமனத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் டிகிரி முடித்து, பட்டமளிப்பு தள்ளிப்போனதால் வேலைக்குச் சான்றிதழ் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வாங்க வேண்டியது புரொவிஷனல் சான்றிதழ், அதாவது பட்டச் சான்றிதழ் வரும்வரை தரப்படும் தற்காலிகச் சான்றிதழ். அதில் பெரும்பாலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான் கையெழுத்திடுவார். டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பிலும் இதை ஏற்கிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் மேலே இருக்கலாம். துணைவேந்தருக்கான தேடுதல் குழு கொடுக்கும் 3 பெயர்களில் ஒருவர் நியமிக்கப்படுவார். அந்தக் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உறுப்பினர் வேண்டுமா என்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் 2023-இல் இழுபறி தொடங்கியது. பதவி காலியானால் ஒருங்கிணைப்புக் குழு அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும். பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து வர வேண்டும், அதனால் அதுதான் தேங்குகிறது. மாணவர்கள் இதில் மாட்டிக்கொள்வது உண்மையிலேயே அநியாயம்.

முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பல நேரம் புரொவிஷனல் அங்கேயே வந்து கிடக்கும். இல்லையென்றால் திருச்சி பல்கலைப்பேரூரில், உங்கள் கல்லூரி இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் நகலோடு எழுதிக் கொடுங்கள். கையில் வாங்கியதும் இனிஷியல், பதிவெண், தேர்ச்சி மாதம் மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் மதிப்பெண் பட்டியலோடும் ஒப்பிடுங்கள்.

ஒன்று கவனம்: அரியர் எழுதியிருந்தால் தேர்ச்சி மாதம் ஏப்ரலாக இருக்காது, நவம்பராக இருக்கலாம். டிஎன்பிஎஸ்சி வேலைக்கு அறிவிக்கை வெளியான தேதிக்குள் தேர்ச்சி இருக்க வேண்டும். தனியார் நிறுவனம் ஒரிஜினல் பட்டம்தான் வேண்டும் என்றால், எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.