பல் துளைக்கும் கருவியின் மீது வைரப் பூச்சை எப்படி ஏற்றுகிறார்கள்? அது ஏன் சில சமயம் உரிந்துவிடுகிறது?

வைரப் பூச்சு என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுவதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பல் மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ‘பர்’களில் பெரும்பாலானவை, எஃகுத் தண்டின் நுனியில் வைரத் தூளைப் பரப்பி நிக்கல் முலாம் பூசியவை. அங்கே வைரம் எஃகுடன் ஒட்டுவதே இல்லை. சுற்றி வளர்ந்த நிக்கல்தான் அதைக் கவ்வி நிற்கிறது. தேய்ந்த பர் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், மழுங்கிய வைரங்களோடு, வைரம் கழன்று விழுந்த குழிகளும் தெரியும்.

என் ஆய்வு இரண்டாவது வகையில், அதாவது வைரத்தைக் கருவியின் மீதே வளர்க்கும் சிவிடி (CVD, வாயுவிலிருந்து வேதிவினையால் படியவைத்தல்) முறையில் அமைந்தது. தாழ்ந்த அழுத்தமுள்ள கலனுக்குள், ஏறக்குறைய 99 பங்கு ஹைட்ரஜனுக்கு 1 பங்கு மீத்தேன் என்ற அளவில் வாயுவைச் செலுத்தி, 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுத்த உலோக இழையின் அருகே டங்ஸ்டன் கார்பைடு பர்ரை 800 டிகிரி அளவில் வைத்திருந்தால், மீத்தேனின் கரி அதன் மேல் படியத் தொடங்கும். கிராஃபைட்டாகப் படிவதை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்து நீக்க, வைரம் எஞ்சும்.

உண்மையில் வைரத்தை வளர்ப்பது கடினமன்று; அதை ஒட்டவைப்பதுதான் கடினம். நான் முதன்முதலில் பூசிய பர், கலனிலிருந்து எடுத்தபோது சீரான சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. மறுநாள் இடுக்கியால் தொட்டதும் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு செதிலைத் திருப்பிப் பார்த்தபோது பின்புறம் புகைக்கரி போலக் கறுத்திருந்தது. கார்பைடு மணிகளைப் பிணைக்கும் கோபால்ட், அந்தச் சூட்டில் கரியைக் கிராஃபைட்டாக மாற்றிவிடும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், கண்ணால் கண்ட பிறகே முழுமையாக நம்பினேன்.

இதற்காகவே, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கலந்த முரகாமி கரைசலால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பின்னர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவையால் மேலடுக்குக் கோபால்ட்டை நீக்குகிறார்கள். அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்தால் பிணைப்பை இழந்த கார்பைடே நொறுங்கும் என்பதால், இந்தப் படியில் அவசரமும் ஆகாது, அலட்சியமும் ஆகாது. அடுத்து, நுண்வைரத் தூள் கலந்த திரவத்தில் மீயொலியால் அதிரவைத்து, வைரம் வளர்வதற்கான விதைகளைப் பதிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் உரியக்கூடும். குளிரும்போது வைரத்தைவிடக் கார்பைடு பல மடங்கு அதிகமாகச் சுருங்குவதே காரணம். ஆகவே, உரிந்த பர்ரை யாரேனும் என்னிடம் காட்டினால், செதிலின் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்: கறுத்திருந்தால் கோபால்ட்டின் மீதும், சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தின் மீதோ விதைப்பின் மீதோதான் என் சந்தேகம் விழும்.