பத்தடி அறைக்கு ஆறடிக் கண்ணாடி எதற்கு?

கேள்வி: எங்கள் படுக்கையறை 10-க்கு 8 அடி. சுவரில் ஆள் உயரக் கண்ணாடி மாட்ட ஆசை. "பின்னால் தள்ளி நிற்க இடமில்லை, ஆறடி கண்ணாடி போட்டால்தான் கால் வரை தெரியும்" என்கிறார் கடைக்காரர். கணவர் 5 அடி 8 அங்குலம், நான் 5 அடி, மகள் மூன்றரை அடி. அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. உங்களுக்கு நாலடி போதும். அவர் சதுர அடிக் கணக்கில் விற்கிறவர், வேறெப்படிச் சொல்வார்?

கண்ணாடியில் ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். உங்கள் கால் விரலிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணுக்கு வர வேண்டுமானால், கண்ணுக்கும் தரைக்கும் சரிபாதி உயரத்தில் கண்ணாடியைத் தொட்டாக வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் தெரிவது தரை ஓடுதான். உச்சந்தலைக்கும் இதே கணக்கு. ஆக, ஒருவர் முழுதாகத் தெரிய அவர் உயரத்தில் பாதி போதும்.

பின்னால் நகர்ந்தால்? பிம்பமும் அதே அளவு பின்னால் போகும். அறை கூடுதலாகத் தெரியும். நீங்கள் கூடுதலாகத் தெரிய மாட்டீர்கள். நம்பாவிட்டால் குளியலறைக் கண்ணாடி முன் ஒரு கண்ணை மூடி நின்று, முகத்தின் உச்சியிலும் தாடையிலும் தெரியும் இடங்களில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். நேராக நாலடி பின்னால் போங்கள். முகம் அந்த இரண்டு பொட்டுக்கு நடுவிலேயே நிற்கும். இடைவெளியை அளந்தால் முகத்தின் பாதி.

"உயரத்தில் பாதி" என்பதை நம் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படம் போட்டு எழுதுகிறார்கள். யார் கையிலும் ஓர் அளவு நாடா கொடுப்பதில்லை. அதே பிள்ளை வளர்ந்து வீடு கட்டி, ஆறடிக் கண்ணாடிக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறது!

உங்கள் வீட்டுக் கணக்கு: கண்கள் உச்சந்தலைக்கு நாலு அங்குலம் கீழே என்று கொள்வோம். கணவருக்கு மேல் விளிம்பு 66 அங்குலத்தில் வேண்டும். மகளின் கண் 38 அங்குலத்தில், அவள் கால் தெரியக் கீழ் விளிம்பு 19-இல் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி ஐந்தரை அடியில் முடியுங்கள். நடுவில் நீங்களும் அடங்கிவிடுவீர்கள்.

இதெல்லாம் கண்ணாடி சுவரோடு ஒட்டி நேராக நின்றால்தான். பலர் கோட்டை விடும் இடம் இது. ஆணி அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டால் மேல் பக்கம் முன்னால் சாயும், தலை வெட்டுப்படும். தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தால் கால் வெட்டுப்படும். இரண்டு டிகிரி சாய்ந்தாலே ஒளி நாலு டிகிரி திரும்பும். ஆறடி தள்ளி நிற்பவருக்கு அது சுமார் ஐந்து அங்குல வித்தியாசம். தள்ளிப் போகப் போக இன்னும் கூடும். தூரம் கணக்கில் வருவது இங்கேதான், கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல. ஆசாரி மாட்டி முடித்ததும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இன்னொன்று, மெல்லிய கண்ணாடியைக் கடையில் சாய்த்து வைத்திருப்பார்கள். நடுவில் லேசாக உள்வாங்கி வளையும். ஆள் உயரமாக, ஒல்லியாகத் தெரிவார். அதில் மயங்கி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வீட்டுச் சுவரில் நேராகப் பொருத்தியதும் பழைய உடம்பு திரும்பி வந்துவிடும். வாங்கும் முன் அதில் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். தலையை மெல்ல அசைக்கும்போது கோடு நெளிந்தால் அந்தத் துண்டு வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.