ஆளுயரச் சிற்பமும் குழாய் ஆலை மண்ணும்

கேள்வி: வழவழப்பான களிமண்ணில்தான் சிற்பம் செய்கிறேன். ஓரடி வரை பிரச்சினை இல்லை. மூன்றடிக்குப் போனதும் ஒன்று காயும்போதே அடியில் பிளந்தது, இன்னொன்று சூளையில் வெடித்தது. செங்கலும் சாக்கடைக் குழாயும் செய்கிற முரட்டு மண்ணில் சிலர் பத்தடிக்குச் செய்கிறார்களாமே, அது எப்படி நிற்கிறது?

பதில்: அந்த முரட்டுத்தனத்தால்தான் நிற்கிறது. வழவழப்பான மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கிவிடும். கிண்ணத்தில் அது கண்ணுக்கே படாது, ஆனால் ஆறடிச் சிற்பத்தில் ஏழு அங்குலத்துக்கு மேல் போய்விடும்; மேலே மண் சுருங்க, அடிப்பாகம் தன் எடையிலேயே பலகையோடு ஒட்டி நகர முடியாமல் நிற்க, அங்கேதான் பிளக்கும்.

ஆலை மண்ணில் சுட்ட மண்ணை இடித்துச் சலித்த குறுணை நிறையக் கலந்திருக்கும், ‘க்ராக்’ (grog) என்பார்கள். ஏற்கெனவே சுட்டதால் அது மறுபடி சுருங்காது. தவிர, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற அதுவே வழி விடும். கையில் உரசும், நுணுக்கமான விரல் நகமெல்லாம் அதில் வராது. பரவாயில்லை, பெரிய உருவத்துக்கு அது தேவையும் இல்லை.

ஜப்பானில் பிறந்த சிற்பி ஜூன் கனேகோ 1980களில் அமெரிக்காவின் ஒமாஹாவில் ஒரு செங்கல் ஆலைச் சூளையில் தன் பெரிய ‘டாங்கோ’க்களை, அதாவது விளிம்பு உருண்ட பெரிய மண் சிற்பங்களை, சுட்டார். 1990களில் கலிபோர்னியாவில் சாக்கடைக் குழாய் சுடும் ஆலைக்கே போய், பத்தடியைத் தாண்டிய டாங்கோக்களைச் செய்தார். மண் மட்டும் போதாது, அந்த அளவுக்குச் சூளையும் வேண்டுமே, அது ஆலையில்தான் இருக்கிறது. விஸ்கான்சினில் கோலர் ஆலை 1974 முதல் கலைஞர்களை உள்ளே அழைத்து, கழிவறைத் தொட்டி வார்க்கிற அதே களிமண் குழம்பைக் கொடுக்கிறது. இப்படிக் கதவு திறக்கிற ஆலைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, வெடித்ததற்கு வருவோம். அது ஈரம். 100 டிகிரியில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரையே உடைக்கிறது. இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது என்று நம்பி நான் சுட்ட ஒரு சிற்பம், சூளையைத் திறந்தபோது வெறும் ஓடுகளாகக் கிடந்தது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அதிலிருந்து கன்னத்தை வைத்துத்தான் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய உருவம் காய மாதக்கணக்கில் ஆகலாம், விடுங்கள் ஆகட்டும். உள்ளே கூடாக, சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருக்கட்டும். அடியில் மணல் தூவி, அதே மண்ணில் ஒரு பலகை செய்து அதன் மேல் சிற்பத்தை வைத்தால் இரண்டும் சேர்ந்தே சுருங்கி நகரும். சூட்டை 100க்குக் கீழே ஓர் இரவு முழுக்க நிறுத்துங்கள். அப்புறம் 573 டிகிரியைச் சுற்றி மெதுவாகப் போங்கள், அங்கே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஆறுவதற்குள் கதவைத் திறந்து விரிசல் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: என் சூளை சின்னது. துண்டு துண்டாகச் சுட்டுப் பிறகு அடுக்கினால் அது முழுச் சிற்பம் ஆகுமா?

பதில்: தாராளமாக ஆகும். அமெரிக்கச் சிற்பி வயோலா ஃப்ரேயின் பத்தடி மனித உருவங்கள் எல்லாம் துண்டுகளாகச் சுட்டு அடுக்கியவைதான். முழுதாக எழுப்பி, மண் தோல்போல் இறுகியதும் கம்பியால் அறுத்துவிடுங்கள், பிரிவுக் கோட்டை மறைக்கப் பாடுபடாமல் இடுப்பு, கழுத்து என்று உருவமே மடிகிற இடத்தில் வெட்டினால் போதும்.