ஒப்பரா டைரக்டர் ஏன் நாடு நாடாத் திரியிறார்?

நீங்கள் கேட்டது, ஒப்பரா எண்ட மேல்நாட்டுப் பாட்டு நாடகத்தின்ர டைரக்டர்தான் பாட்டும் பழக்கிறவரோ, ஏன் ஒரு இடத்தில நிக்காமல் திரியிறார் எண்டு. எங்கட முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பாத்த ஆக்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும், ஏனெண்டால் அண்ணாவியார் பாட்டும் பழக்குவார் ஆட்டமும் பழக்குவார், பிழை விட்டால் ஏச்சும் அவரிட்டத்தான். அங்க அப்பிடியில்லை, இசை முழுக்க வாத்தியக் குழுவையும் பாட்டுக்காரரையும் நடத்துற கண்டக்டரின்ர பொறுப்பு, கதையை மேடையில எப்பிடிக் காட்டுறது, ஆர் எங்க நிக்கிறது, செற், உடுப்பு, வெளிச்சம் இதெல்லாம் டிசைனர்மாரோட இருந்து முடிவெடுக்கிறதுதான் டைரக்டர்.

பெரிய அரங்குகள் ரண்டு மூண்டு வருசத்துக்கு முதலே ஆளைப் பிடிச்சுப்போடும். ஒத்திகை ஒரு ஆறு கிழமை மட்டில, முதல் ஆட்டம் முடியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர், பிறகு பிசகாமல் பாக்கிறது உதவி டைரக்டர் (பாவம், நாரி முறியிற வேலை அவையளுக்குத்தான்).

ஒப்பரா டைரக்டர் பாரி கோஸ்கியைப் பாருங்கோ, 1967இல மெல்பேர்ணில பிறந்தவர், வியன்னாவில ஒரு தியேட்டர் நடத்தி, பிறகு 2012இல இருந்து 2022 மட்டும் பேர்லினில கோமிஷே ஓப்பர் எண்ட ஒப்பரா அரங்கின்ர தலைவரா இருந்தவர். 2012இல ஒரு பிரிட்டிஷ் குழுவோட சேர்ந்து அவர் போட்ட மோசார்ட்டின்ர 'மாயப் புல்லாங்குழல்' எத்தினையோ நாட்டு மேடை கண்டிட்டுது, செற் எண்டு பெரிசா ஒண்டுமில்லை, ஒரு வெள்ளைச் சுவரும் அதில விழுற அனிமேஷனும்தான். பல இடத்தில ரண்டு மூண்டு அரங்கு சேர்ந்து செலவைப் பங்குபோடும், அதாலயும் ஒரே தயாரிப்பு ஊர் ஊராப் போகும். வெளியால இருந்து வாற டைரக்டருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒரு தயாரிப்புக்கு இவ்வளவு எண்டுதான் பேச்சு.